தம்பி ஆபிரிக்கா போகவில்லை

என் தம்பி சிங்கம் பார்த்திருக்கிறான். கூண்டில் இல்லை, வெட்டவெளியில், ஒரு கல்லெறி தூரத்தில். வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, தலையில் பனி மூடிய ஒரு மலை, அந்த மலைக்குக் கீழே சேற்றில் நின்று புல் மேயும் யானைகள், எல்லாம் பார்த்திருக்கிறான். இதில் ஒன்றையும் அவன் பார்க்கவில்லை என்று ஆறு வருடமாக எல்லோரிடமும் சாதித்தவள் நான். அவனையும் அப்படியே சொல்ல வைத்தேன். ஏனென்று யாராவது கேட்டிருந்தால் அப்போது என்னிடம் சுடச்சுட ஒரு பதில் இருந்தது. இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

அவன் கனடாவில் மொன்றியலில் வந்து இறங்கியது இரண்டாயிரமாம் ஆண்டு, இலைகள் பழுத்துக் கொட்டத் தொடங்கிய நேரம். ஊரில் சண்டை உச்சத்தில் இருந்த வருடம். அதற்கு முன் மூன்று மாதமாக அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆட்களைக் களவாக வெளிநாடு ஏற்றும் ஏஜென்சிக்காரனுக்கு எடுத்தால் அவனும் தொலைபேசியைத் தூக்குவதில்லை. நான் கோயில் கோயிலாக நேர்த்தி வைத்துக்கொண்டு, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இவர், என் கணவர், அந்த மூன்று மாதமும் என்னோடு பேசுவதையே குறைத்துவிட்டார்.

விமான நிலையத்தில் அவனை ஒரு பகல் முழுக்க இருத்தி விசாரித்திருந்தார்கள். ஏஜென்சி கொண்டுவந்தது, வழி தெரியாது என்று மட்டும் சொல்லியிருந்தான். அகதிக் கோரிக்கைக்கான படிவத்தைக் கையில் கொடுத்து, முழுக் கதையையும் எழுதிக் குறித்த நாளுக்குள் கொண்டுவா என்று விட்டுவிட்டார்கள். பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. எங்களுக்கு ஏழு வயதில் ஒரு மகளும் நாலு வயதில் ஒரு மகனும். வெளியே இருந்த இரும்புப் படிகளில் அவன் ஏறி வந்தபோது ஆளைப் பார்த்து நான் திகைத்துப் போனேன். ஊரில் கிரிக்கெட் அடித்துத் திரிந்தவன், தோளெலும்பு தெரிய வந்து நின்றான்.

அடுத்த நாள் மத்தியானம் கணவாய்க் கறியும் புட்டும் வைத்துக் கொடுத்தேன். தலை நிமிராமல் சாப்பிட்டான். பிள்ளைகள் இரண்டும் புது மாமாவைக் கண்டு கதவுக்குப் பின்னால் நின்றார்கள். மகள்தான் முதலில் துணிந்து, பள்ளிக்கூட நூலகத்திலிருந்து எடுத்து வந்த மிருகப் படப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவனுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவளுக்கு ஒட்டகச்சிவிங்கி என்ற சொல் தெரியாது, பிரெஞ்சில் 'ஷிராஃப்' என்றுதான் தெரியும். அவன் கையைக் கழுவிவிட்டு வந்து படத்தில் விரலை வைத்தான்.

"இதை நான் பாத்தனான். இதுக்குக் கிட்ட நிண்டனான்."

நாங்கள் எல்லோரும் பகிடி என்றுதான் நினைத்தோம். பிறகு அவன் சொல்லத் தொடங்கினான், மூன்று மாதத்து ஊமை வாய் திறந்தது போல. அன்று பின்னேரம் வரை ஓயவில்லை.

ஏஜென்சிக்காரன் இவர்கள் நாலு பேரை நைரோபியில் ஒரு வீட்டில் பூட்டி வைத்திருந்தானாம். விமானம் ஏற வேண்டியது பக்கத்து நாட்டில். எல்லைக்குப் போகும் தெருவெல்லாம் பொலிஸ் மறித்துச் சோதிக்கும். மறிக்காத வாகனம் ஒன்றே ஒன்று, மிருகங்களைப் பார்க்க வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு போகும் வான். ஆகவே இந்த நாலு பேரையும் அவன் சுற்றுலாப் பயணிகளாக்கினான். வட்டத் தொப்பி, காக்கிக் காற்சட்டை, கறுப்புக் கண்ணாடி. தம்பியின் கழுத்தில் ஒரு கமராவும் தொங்கியது. வெறும் கமரா என்றால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பிலிம் சுருளும் போட்டுக் கொடுத்திருந்தான். சரணாலயத்துக்குள் இரண்டு நாள் சுற்ற வேண்டும். மற்ற வான்கள் நிற்கிற இடத்தில் நின்று, அவர்கள் பார்ப்பதைப் பார்த்து, அவர்கள் படம் எடுத்தால் தாங்களும் எடுக்க வேண்டும். மூன்றாம் நாள் விடிய எல்லை.

"உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஒட்டகச்சிவிங்கி பாத்தனான் அக்கா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

முதல் நாள் விடிய, கூடாரத்தை விட்டு வெளியே வந்தபோது வானத்தில் பாதி உயரத்தில் வெள்ளையாக ஏதோ நின்றதாம். முகில் என்று நினைத்தான். வெயில் ஏறியும் அது கலையவில்லை. பிறகுதான் அதற்குக் கீழே நீல நிறத்தில் மலையின் உடம்பு தெரிய வந்ததாம், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்ததாம். கீழே நிற்கிறவர்களுக்கு வியர்த்து வழிகிறது, உச்சியில் பனிக்கட்டி கிடக்கிறது. பத்து மணியானதும் எங்கிருந்தோ முகில் வந்து மூடிவிட்டது. அங்கே ஒரு மலை இருந்ததென்று யாரும் சத்தியம் பண்ணினாலும் நம்ப முடியாத மாதிரி வெறும் வெள்ளை. பின்னேரம் சூரியன் சாயும்போது திரும்ப வெளியே வந்தது, பனியெல்லாம் செம்மஞ்சளாக. எங்கள் பிள்ளைகள் மலை என்று கண்டது இந்த நகரத்து நடுவில் நிற்கும் மொன்றுவயாலைத்தான். அதை ஜன்னலால் காட்டினார்கள். இதையோ மலை என்கிறீர்கள் என்று அவன் சிரித்தான்.

யானைகள் அந்த மலைப் பக்கமிருந்துதான் வந்தனவாம். தூரத்தில் முதலில் புழுதி மட்டும் தெரிந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, பெரியது, குட்டி, பெரியது, குட்டி என்று, அவசரமே இல்லாமல். வான்காரன் இயந்திரத்தை நிறுத்திவிட்டான். முன்னால் வந்த கிழட்டுப் பெண் யானை பாதையில் நின்று, காதை விரித்து, இவர்களை ஒரு பார்வை பார்த்தது. தன் பின்னால் குட்டிகள் எல்லாம் கடந்து முடியும்வரை அது அசையவில்லை. பிறகு அவை சதுப்புக்குள் இறங்கி வயிறளவு சேற்றில் நின்று புல்லைப் பிடுங்கத் தொடங்கின. முதுகில் கொக்குகள். அந்தப் புல் அறுகிற சத்தம் வானுக்குள் கேட்டதாம். ஊரில் ஆனையிறவுப் பாதையால் எத்தனை தரம் போய் வந்தும் ஒரு யானையைக் கண்டதில்லை, இங்கே எண்ணி முடிக்க முடியவில்லை என்றான்.

சிங்கம் மூன்று. குடை மாதிரி விரிந்த ஒரு மரத்தின் கீழே படுத்துக் கிடந்தன. ஒன்றின் தாடையில் இரத்தம் காய்ந்திருந்தது. பக்கத்து வானில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், பாவம் இந்தப் பெடியன்களிடம் தொலைநோக்கி இல்லையே என்று தன்னுடையதை நீட்டினாளாம். தம்பி வாங்கிப் பார்த்தான். சிங்கத்தின் கண்ணோரத்தில் ஈ மொய்த்தது தெரிந்தது. உடனே திருப்பிக் கொடுத்துவிட்டானாம். சிங்கத்துக்குப் பயந்து இல்லை, அவள் எந்த நாடு என்று கேட்டுவிடுவாளோ என்று.

நாலு பேரில் ஒருவன் மன்னார்ப் பெடியன், இருபத்திரண்டு வயது, வேதக்காரன், கழுத்தில் செபமாலை. பூட்டிக் கிடந்த வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைத்தே காப்பாற்றியது அவன்தான் என்று தம்பி சொன்னான். சிங்கம் படுத்திருந்த மரத்தைக் கண்டதும் அவன் சொன்னானாம், இது எங்கட ஊர் உடைமரம், இதைப் பார்க்க இவ்வளவு தூரம் மினக்கெட்டு வரத் தேவையில்லை என்று. வரிக்குதிரைக் கூட்டத்தைக் கண்டபோது இன்னும் மோசம்.

"அடேய், எங்கட மன்னார்க் கழுதையளுக்கு ஆரோ சட்டை தைச்சுப் போட்டு விட்டிருக்கினம்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றுதான்.

மிச்சத்தை அவன் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. நான் கோப்பை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று சொன்னான். இரண்டாம் நாள் மத்தியானம் மன்னார்ப் பெடியனுக்குக் குளிர்காய்ச்சல் தொடங்கியது. பின்னேரம் தலையைத் தூக்க முடியவில்லை. விடிந்ததும் வான்காரன் பாதையை விட்டு விலகி, சரணாலயத்துக்கு வெளியே கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். தம்பியும் வான்காரனுமாகத் தூக்கிக்கொண்டுபோய் விறாந்தையில் இருந்த நீட்டு மர வாங்கில் கிடத்தினார்கள். உள்ளே ஆட்களைக் கூப்பிட்டுவிட்டு, கேள்வி வருவதற்கு முன் வானில் ஏறிவிட்டார்கள். பாஸ்போர்ட் எல்லாம் ஏஜென்சிக்காரனிடம். அடுத்த கிழமை வானில் இவனைக் கூட்டிவருவேன் என்று வான்காரன் சொன்னான். தம்பி அந்த ஊரின் பெயரையும் எனக்குச் சொன்னான். வாசல் பலகையில் வாசித்துப் பாடமாக்கி வைத்திருந்தான். ஆக, அந்தப் பெயர் எனக்குத் தொடக்கத்திலேயே தெரியும். இதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் எழுதிப் பிரயோசனமில்லை.

இரண்டு நாள் கழித்து, எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் கேஸ் எழுதிக் கொடுக்கிறவர் வந்தார். அவர் வழக்கறிஞர் இல்லை, ஒரு பொதி அனுப்பும் நிலையத்தில் வேலை. ஆனால் ஆரம்பத்தில் வந்தவர், பத்துப் பதினைந்து பேருடைய கேஸை வெல்ல வைத்தவர் என்று பெயர். புதிதாக வந்தவன் வழக்கறிஞரிடம் போவதற்கு முன் அவரிடம் கதையைச் சொல்லி, அவர் வெட்டித் திருத்தித் தந்த பிறகுதான் படிவம் நிரப்புவது. எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். வீட்டுக்கு வந்தால் முதல் தேத்தண்ணி அவருக்குத்தான். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போது என் மகன் சிங்கம் மாதிரி நாலு காலில் தவழ்ந்து வந்து அவர் காலைப் பிடித்து உறுமினான். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். என்ன சிங்கம் என்று கேட்டார். தம்பி எல்லாவற்றையும் சொன்னான்.

"ஆபிரிக்கா எண்ட சொல்லே கேஸில வரப்படாது. ஊரில செத்துப் பிழைச்சு ஓடி வந்தவன் சிங்கம் பாக்கத் திரிஞ்சவனெண்டால் நீதவான் என்ன நினைப்பார்? அதோட, அங்க ஏன் அகதி கேக்கேல்லை எண்டும் குடைவினம். டுபாய், பாரிஸ், மொன்றியல். அவ்வளவுதான் உன்ர வழி."

தம்பி, உண்மையைச் சொன்னால் என்ன என்று மெதுவாகக் கேட்டான். அவனைத் திருப்பி அனுப்பினால் கொழும்பு விமான நிலையத்திலேயே பிடித்துக்கொண்டு போவார்கள். எங்கள் ஒழுங்கையில் அப்படிப் போன இரண்டு பேர் திரும்பவில்லை. படித்தவர் சொல்கிறார், நீ பேசாமல் இரு என்று நான்தான் அவன் வாயை அடைத்தேன். படிவத்தை எழுதியதும் நான்தான், என் கையெழுத்து வடிவு என்று. டுபாயில் எத்தனை மணித்தியாலம், பாரிஸில் எந்த வாசல், எல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பிள்ளைகளைக் கூப்பிட்டு, மாமா சிங்கம் பார்த்ததாக வெளியில் மூச்சு விட்டால் தோலை உரிப்பேன் என்று வெருட்டினேன்.

மறுநாள் நான் வேலையால் வந்தபோது தம்பி மேசையில் படங்களைப் பரப்பி வைத்திருந்தான். பிலிம் சுருளைக் காலுறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறான், எனக்குச் சொல்லாமல் தெருமுனைக் கடையில் கொடுத்துக் கழுவியிருக்கிறான். முப்பத்தாறு படம். யானையின் பின்பக்கம், புழுதி, வானின் ஜன்னல் விளிம்பு, பாதி ஒட்டகச்சிவிங்கி. ஒரு படத்தில் மலை முழுதாக விழுந்திருந்தது, அதற்கு முன்னால் தொப்பி போட்ட ஒரு பெடியன் இரண்டு கையையும் விரித்து, மலையைத் தானே கட்டி வைத்தவன் போல நின்றான். கன்னத்தில் குழி. அதுதான் மன்னார்ப் பெடியன் என்று தம்பி சொன்னான்.

எனக்கு விசர் வந்தது. சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொன்றாக வெட்டினேன். நெகட்டிவையும் வெட்டினேன். அவன் தடுக்கவில்லை, அந்த ஒரு படத்துக்கு மட்டும் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. வெட்டியதை மீன் செதிளோடு சேர்த்துப் பையில் கட்டிக் குப்பைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். உன் நன்மைக்குத்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவன் ஓம் என்றான்.

அடுத்த நாள் காலையில் அந்த அம்மா வந்தார். தம்பி மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருந்தான், வீட்டில் நானும் மகனும்தான். அறுபது வயதிருக்கும். மூன்று மாடி இரும்புப் படி ஏறி மூச்சிரைக்க நின்றார். நகரத்தின் மறுகோடியில் லாசாலில் மகளோடு இருக்கிறாராம், பஸ் எடுத்து மூன்று மெத்ரோ ரயில் மாறி விசாரித்து வந்திருக்கிறார். உள்ளே வந்து இருந்ததும் நேரே விஷயத்துக்கு வந்தார். தன் மகன் நைரோபியிலிருந்து ஒரே ஒரு முறை தொலைபேசியில் கதைத்தானாம். தன்னோடு ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியன் இருக்கிறான், அவனுடைய அக்கா மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கிறா, வந்து சேர்ந்தால் இரண்டு பேரும் ஒரே ஊர் என்றானாம். இந்தக் கிழமை இங்கே ஒரு பெடியன் புதிதாக வந்திருக்கிறான் என்று கடையில் சொன்னார்களாம்.

"எங்கட பாதருக்கு ஆபிரிக்காவில இருக்கிற சிஸ்டர்மாரைத் தெரியும், பிள்ளை. எந்த ஊரெண்டு மட்டும் தெரிஞ்சால் காணும், அவை போய்த் தேடுவினம்."

ஒரு ஊரின் பெயர். அவ்வளவுதான் அவர் கேட்டது. அது என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் இவர் கோயிலில் சொல்வார், கோயிலிலிருந்து கடைக்கு வரும், கடையிலிருந்து எங்கே போகுமோ யாருக்குத் தெரியும். படிவத்தில் மை கூடக் காயவில்லை. காய்ச்சல்தானே, ஆஸ்பத்திரியில்தானே கிடக்கிறான், அடுத்த வானில் வந்துவிடுவான் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

"என்ர தம்பி ஆபிரிக்காப் பக்கமே போகேல்லை அம்மா. அவன் டுபாயால வந்தவன். இது வேற ஆரோவாக்கும்."

அவர் என்னை நம்பினார். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, ஒரு துண்டில் தொலைபேசி இலக்கத்தை எழுதி வைத்துவிட்டு, என் மகனின் தலையைத் தடவிவிட்டுப் போனார். தம்பியிடம் நான் இதைச் சொல்லவில்லை.

அடுத்த வான் போனது, அதற்கடுத்ததும் போயிருக்கும். தம்பி நைரோபி இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தான், அது வேலை செய்யவில்லை. அவன் பேச்சுக் குறைந்தது. மகள் வகுப்பில் மிருகங்கள் பற்றிப் பேச மாமாவைக் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டபோது நான் வாயெடுக்குமுன் அவனே சொல்லிவிட்டான், தான் ஒன்றும் பார்க்கவில்லை, சும்மா பகிடிக்குச் சொன்னது என்று. அவள் பிரெஞ்சில் பொய்யர் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் அவனிடம் கதை கேட்டதே இல்லை.

தை மாதம், படியெல்லாம் பனி உறைந்து கிடந்த ஒரு நாள், அந்த அம்மா திரும்ப வந்தார். விழுந்து கிழுந்து போயிருந்தால் என்ன செய்வது என்று எனக்குக் கோபம்தான் வந்தது. கதவடியில் ஆண்பிள்ளைச் சப்பாத்து இருந்ததைக் கண்டு, தம்பி நிற்கிறாரா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வழியில்லை. அவன் அறையிலிருந்து வந்தான். அவர் கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். கோயில் வாசலில் வெள்ளைச் சட்டையோடு நின்றான், அதே கன்னக்குழி.

"இவரைக் கண்டிருக்கிறியளோ தம்பி? எங்கயாவது?"

தம்பி படத்தை வாங்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

"எனக்குத் தெரியாது அம்மா."

"பரவாயில்லை. நீங்களெண்டாலும் சுகமா வந்து சேர்ந்திட்டியள்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் படியிறங்கும்வரை தம்பி அதே இடத்தில் நின்றான். முதலிலும் இவர் வந்தாரா என்று கேட்டான். வந்தவர் என்றேன். பிறகு இரண்டு நாள் அவன் சாப்பிடவில்லை.

அடுத்த வசந்தத்தில் விசாரணை நடந்தது. டுபாய், பாரிஸ், மொன்றியல் என்று பாடமாக்கியதை அவன் பிழையில்லாமல் ஒப்புவித்தான். வழியைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான், அதுவும் போகிற போக்கில். மிச்சமெல்லாம் ஊரில் அவனைப் பிடித்து வைத்திருந்த முகாமைப் பற்றி. அன்றே ஏற்றுக்கொண்டார்கள். வெளியே வந்து கழிவறைக்குப் போய் வாந்தியெடுத்தான். அவன் வரும்வரை வழக்கறிஞரோடு நான் நின்றேன், ஒரு கியூபெக் பெண், நல்ல மனுசி. அடுத்ததாக ஒரு கேஸ் இருக்கிறது, அவரும் உங்கள் நாட்டவர்தான், ஆபிரிக்கா முழுக்கச் சுற்றி வந்திருக்கிறார் என்று சொன்னாள். அது கேஸைக் கெடுக்காதா என்று கேட்டேன். ஏன் கெடுக்க வேண்டும், ஏஜென்சிக்காரன் பூட்டி வைத்து இழுத்துத் திரிந்ததை யாரும் குற்றமாக எடுக்க மாட்டார்கள், எழுதினால் போதும் என்று சிரித்தாள்.

அப்போதாவது போய்ச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். தம்பியும் அதைத்தான் கேட்டான், கத்திக்கூடக் கேட்டான். ஆனால் இப்போது பொய் சத்தியத்தோடு எழுத்தில் கிடந்தது. கேஸ் எழுதித் தந்தவரிடம் ஓடினேன். பொய்யென்று தெரிந்தால் கொடுத்ததைத் திருப்பி எடுக்கலாம், குடியுரிமை கிடைக்கும்வரை வாயைத் திறக்காதே என்றார். இது மட்டும் உண்மைதான் என்று பிறகு விசாரித்து அறிந்தேன். தேவையில்லாத ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதைக் காப்பாற்றுவதற்காக நாங்கள் வருடக்கணக்காகக் காத்திருந்தோம். கடையில் அந்த அம்மாவைத் தூரத்தில் கண்டால் நான் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நிற்பேன். தம்பி லாசால் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலை கிடைத்தும் போக மாட்டேன் என்றான்.

இரண்டாயிரத்து ஆறில் அவன் குடியுரிமைச் சத்தியம் எடுத்தான். அடுத்த ஞாயிறு காலையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றான்.

"அக்கா, நான் லாசாலுக்குப் போறன். நீ வாறதெண்டால் வா."

போனேன். அந்த அம்மா நன்றாகத் தளர்ந்திருந்தார். சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் அதே கோயில் வாசல் படம், சட்டம் போட்டு. தம்பி நாற்காலியில் இருக்கவில்லை, அவர் முன்னால் நிலத்தில் இருந்தான். உங்கள் மகனை எனக்குத் தெரியும் என்று தொடங்கினான். பூட்டிய வீடு, தொப்பி, வான், விடிய நின்ற மலை, யானைகள், சிங்கம் படுத்திருந்த உடைமரம், ஆறு வருடத்துக்கு முன் என் சமையலறையில் சொன்ன எல்லாவற்றையும் அப்படியே சொன்னான். அவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மன்னார்க் கழுதைக்குச் சட்டை தைத்த கதை வந்ததும் சட்டென்று வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"அவன்தான். அது என்ர பிள்ளைதான்."

அதற்குப் பிறகுதான் அழுதார். விறாந்தையில் கிடத்தியதைத் தம்பி சொன்னபோது அவர் அவனுடைய தலையில் கையை வைத்தார். அங்கே எடுத்த படம் ஏதும் இல்லையா என்று கேட்டார். ஒன்று இருந்தது அம்மா, நான் வெட்டி எறிந்துவிட்டேன் என்று நான் சொன்னேன். அன்று அவர் என்னைப் பார்த்தது அந்த ஒரு தரம்தான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கொப்பியை எடுத்துத் தம்பியிடம் கொடுத்து, அந்த ஊரின் பெயரை எழுதச் சொன்னார்.

ஒன்றரை மாதம் கழித்துத் தொலைபேசி அடித்தது. தம்பி வேலைக்குப் போயிருந்தான், நான் எடுத்தேன். அந்த அம்மாதான். பாதர் எழுதிய கடிதத்துக்குச் சிஸ்டர்மாரிடமிருந்து பதில் வந்திருக்கிறது என்றார். குரலில் நடுக்கம் இல்லை, எழுதி வைத்து வாசிக்கிறவர் போலச் சொன்னார். பழைய பதிவுக் கொப்பியைத் தேடி எடுத்திருக்கிறார்கள். விறாந்தையில் விட்டுப்போன ஒரு பெடியன், பெயர் தெரியாது, இந்தியன் என்று எழுதியிருக்கிறதாம், கழுத்தில் செபமாலை. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. நினைவு வரும், போகும். நினைவு வந்த நாட்களில் கதைத்தானாம், அந்தப் பாஷை அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. அவனைத் தேடி யாராவது வருவார்கள் என்று அவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். முப்பத்துநாலு நாள் இருந்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் சேமக்காலையில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

பிறகு சொன்னார்.

"கலண்டரை எடுத்து வைச்சு எண்ணிப் பாத்தன், பிள்ளை. நான் முதல் முதல் உங்கட வீட்டுக்கு வந்தது, அவன் அங்க படுத்துப் பதினோராம் நாள்."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். மன்னியுங்கோ என்ற சொல் அதற்குப் போதாது என்று தெரிந்தது, வேறு சொல்லும் என்னிடம் இல்லை. அவர் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

"வாற ஞாயிறு பாதர் அவனுக்குப் பூசை வைக்கிறார். தம்பியை அனுப்பி விடுங்கோ. நீங்கள் வர வேண்டாம்."

ஓம் அம்மா என்றேன்.